வாய்க்கட்டுச் சாமியின் பின்வாசல்

காலை ஆறு மணிக்கே அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. பால் வண்டி பாதியில் திரும்பிவிடும். பள்ளிக்கூட வேன் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் நிற்பவர்கள்தான் கொடுக்க வந்தவர்கள். வாங்குகிறவர் உள்ளே மெத்தை மேல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு வாய்க்கட்டுச் சாமி என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு பெயராக இருக்கும். அதைப் போலீஸ்காரர்கள் பிறகு கண்டுபிடித்து எழுதிக்கொண்டார்கள், நமக்கு வேண்டாம்.

மற்ற சாமியார்கள் பேய் ஓட்டுவார்கள், கல்யாணம் கைகூட வைப்பார்கள். நம்ம சாமி காலத்தோடு நடப்பவர். இந்தக் காலத்தில் மனுஷனைத் தூங்கவிடாமல் அடிப்பது பேயா? வீட்டுக் கடன். மூன்று தவணை தவறினால் ஃபோன் வரும், ஐந்து தவறினால் நோட்டீஸ் வரும், அதற்கப்புறம் பூட்டோடு ஆட்களே வருவார்கள். சாமி என்ன செய்வார் தெரியுமா? வங்கியின் வாயைக் கட்டிவிடுவார். கட்டிய பத்தாவது நாளிலிருந்து வங்கி மூச்சு விடாது. கடிதம் வராது, ஃபோன் வராது.

இதற்கு மூன்று படி உண்டு. முதல் படியில், வந்த நோட்டீஸை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் சாமியிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, மந்திரித்த பூட்டு ஒன்றை வாங்கிப்போய் வாசல் நிலைக்கு மேலே தொங்கவிட வேண்டும். ஹார்டுவேர் கடையில் தொங்குகிற அதே பூட்டுதான். இங்கே விலை மட்டும் நூறு மடங்கு. மந்திரத்துக்குக் கூலி வேண்டாமா? மூன்றாவது படி மௌனப் பத்திரம். அறுபது நாள் வங்கியோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மீறிப் பேசினால் அன்றைக்கே வீடு போய்விடும்.

அந்தப் பத்திரம் நாலாக மடித்திருக்கும். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் வெளியே தெரியும். உள்ளே எழுதியிருப்பதில் கண் பட்டால் சக்தி போய்விடுமாம். மடித்த தாளை நீட்டுவது சாமியின் மச்சான். வந்தவர்களின் ஃபோனை ஆசீர்வாதத்துக்கு என்று வாங்கி இரண்டு நிமிஷம் கையில் வைத்துத் தடவிக் கொடுப்பதும் அவர்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் வங்கியின் நம்பரை பிளாக் செய்துவிடுவார். இதைச் செய்ய தெய்வ அருள் தேவையில்லை, கட்டைவிரல் இருந்தால் போதும்.

மடித்த தாளில் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்பீர்கள். போட்டார்கள் ஐயா. வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, பேனா எழுதவில்லையென்றால் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கிப் போட்டார்கள்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர் மெக்கானிக். அவரை முட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். ஒரு நாள் ஸ்டாண்டிலிருந்து சரிந்த வண்டி வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாசம் பட்டறை மூடிக் கிடந்தது. அவர் மனைவி துணிக்கடையில் மடிப்பு வேலை பார்த்துக் கொண்டுவந்த சம்பளம் அரிசிக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. தவணை ஐந்து நின்றுபோனது. அந்த வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். பதினோரு வருஷத் தவணை அதில் புதைந்திருந்தது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

நோட்டீஸ் வந்தது. அறுபது நாளுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்துவோம் என்பது முதல் பக்கம். அதைப் படித்ததும் மனுஷன் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பவே இல்லை. பயம் வந்தால் படித்தவனுக்கும் எழுத்து மறந்துவிடும். நேராகச் சாமியிடம் ஓடினார், பூட்டு வாங்கினார், மடித்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடியே பத்தாவது நாளிலிருந்து கடிதமே வரவில்லை. மெக்கானிக் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. சுவருக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்று பேச்சு நடந்தது.

இந்த நேரத்தில்தான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷமாக ரத்தம் பரிசோதிக்கிறவள். எதைச் சொன்னாலும் ‘எதை வச்சு சொல்ற’ என்று கேட்பது அவளுக்குத் தொழிலோடு ஒட்டிய வியாதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிலைக்கு மேலே பார்த்தாள்.

“என்னடா இது, பூட்ட போய் இங்க மாட்டியிருக்க?”

“அதுதான்க்கா பேங்க்கோட வாய். கட்டியாச்சு. முப்பது நாளா ஒரு லெட்டர் இல்ல.”

“கடன் என்ன ஆச்சு?”

“அதான் லெட்டரே வரலையே.”

கடிதம் வரவில்லையென்றால் கடன் போய்விட்டதாம். டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வயிற்றுவலி குணமாகிவிட்டது என்பது மாதிரி.

“சரி, பூட்டுனாலதான் லெட்டர் வரலங்கற. அப்ப பூட்ட எடுத்துட்டா வரணும்ல?”

“அண்ணி, அதுல மட்டும் கைய வச்சிராதீங்க,” என்று மெக்கானிக்கின் மனைவி பதறினாள். “வீடு போயிரும்னு சொல்லியிருக்காங்க.”

அக்கா கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்து விசாரித்தாள். கடிதம் எதுவும் வரவில்லை.

“பூட்டு என் பையில இருக்கு. உங்க வீட்ல எதுவும் இல்ல. இன்னும் எப்படிடா லெட்டர் வரல?”

“பவர் மிச்சம் இருக்கும்க்கா.”

நம்பிக்கைக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி உலகத்திலேயே கிடையாது. அக்காவும் விடுகிற ரகம் இல்லை. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டாள். மூன்றாம் நாள் அது வந்து சேர்ந்தது. உள்ளே ஒரே வரி: ‘இந்த லெட்டர் உன் கைக்கு வந்தா தபால்காரங்க நல்லாத்தான் வேலை செய்றாங்கன்னு அர்த்தம், மண்டு.’ பூட்டு இல்லாமலும் வங்கிக் கடிதம் வரவில்லை. மற்ற கடிதம் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் வங்கிக் கடிதம் வேறெங்கோ போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“நாங்க அனுப்பிட்டுதான் இருக்கோம் மேடம். மூணு லெட்டர். மூணுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. உங்க தம்பி கேட்ட புது அட்ரஸுக்குத்தான் போகுது.”

“புது அட்ரஸா? அவன் வீடு மாறவே இல்லையே.”

“எழுதிக் குடுத்திருக்காரே. பாருங்க, அவர் கையெழுத்துதானே?”

கையெழுத்து தம்பியுடையதுதான். நாலாக மடித்த தடம் நகலிலும் கோடு கோடாகத் தெரிந்தது. மேலே தெளிவாக அச்சடித்திருந்தது: ‘என் கடன் சம்பந்தமான கடிதங்களை இனி கீழ்க்கண்ட முகவரிக்கே அனுப்பவும். பின்வாசல் வழியாகக் கொடுக்கவும்.’ முகவரி, சாமி உட்கார்ந்திருக்கிற அதே வீடு. இதுதான் மௌனப் பத்திரம்.

“இதே அட்ரஸ் குடுத்தவங்க வேற யாராவது இருக்காங்களா சார்?”

அதிகாரி இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் முகம் மாறியது. “நாப்பத்தி மூணு பேர்,” என்றார் மெதுவாக.

ஒரே வீட்டில் நாற்பத்து மூன்று கடன்காரர்கள் குடியிருக்கிறார்கள், அதுவும் எல்லோரும் பின்வாசலில். வங்கிக்கு ஒரு சந்தேகம் வரவில்லை. கம்ப்யூட்டரில் சந்தேகப்படுகிற பட்டன் வைக்கவில்லை போலிருக்கிறது. நாலு ரூபாய் தவணை குறைந்தால் நாற்பது தடவை ஃபோன் செய்யத் தெரிகிறது, இது தெரியவில்லை.

“மேடம், இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு,” என்றார் அதிகாரி. “அதுக்கப்புறம் வீட்ட எடுத்துருவோம். அதுக்குள்ள வந்தா தவணைய மாத்தி அமைக்க வழி இருக்கு, நோட்டீஸோட ரெண்டாவது பக்கத்துலயே போட்டிருக்கு. கை உடைஞ்சதுக்கு ஆஸ்பத்திரி பேப்பர் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஆனா கடன் வாங்குனவரு நேர்ல வந்து பேசணும். உங்ககிட்ட இதுக்கு மேல நான் பேச முடியாது.”

அக்கா ஆட்டோ பிடித்துத் தம்பி வீட்டுக்கு வந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். தம்பி காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“நீ பேங்க்குக்குப் போனியா? யாரக் கேட்டுக்கா போன? சாமி அப்பவே சொன்னாரு, பேங்க் ஏதாவது பொய் சொல்லி வரவழைக்கப் பாக்கும், வாயத் தொறந்துறாதீங்கன்னு.”

“டேய், உன் கையெழுத்த கண்ணால பாத்தேன்டா.”

“கையெழுத்த கம்ப்யூட்டர்ல யாரு வேணா போடலாம்.”

“ஒம்பது நாள்டா.”

“என் விரதம் முடியவும் ஒம்பது நாள்தான்க்கா இருக்கு. அது முடிஞ்சா கடனே அழிஞ்சிரும். நாளைக்கு சாமி ஹால்ல நன்றிக் கூட்டம், நீயே வந்து பாரு.”

கவனித்தீர்களா? வங்கி கொடுத்த தவணை அறுபது நாள், சாமி கொடுத்த விரதமும் அறுபது நாள். வங்கியில் போய்ப் பேச வேண்டிய அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருக்க இவர் காசு வாங்கினார். இத்தனை அழகாகக் கணக்குப் போட்ட மந்திரத்தை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு தபால்கார அம்மாவைத் தேடிப் போனாள்.

அந்த அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னாள்: “ஆமா, வாரத்துக்கு ஒரு கட்டு வரும். அது ஹாஸ்டல்னு அந்த மச்சான்காரர் சொன்னாரு. நாப்பது பேரு தங்கியிருக்காங்களாம், எல்லாருக்கும் நைட் ஷிஃப்டாம். அதனால அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவாரு. நாளைக்கும் பன்னெண்டு லெட்டர் இருக்கு.”

“நாளைக்கு அந்த ஹாஸ்டல்காரங்க எல்லாரும் முன்ஹால்லதான் இருப்பாங்க. அவங்கவங்க கையிலயே குடுத்துடறீங்களா?”

“யாரு பேருக்கு வருதோ அவங்க கையில குடுக்கறதுதான் என் வேலை. பின்வாசல்லதான் குடுக்கணும்னு எனக்கு யாரும் சட்டம் போடலையே.”

மறுநாள் நன்றிக் கூட்டம். வாய்க்கட்டால் பலன் அடைந்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்கிற நாள். ஹால் நிரம்பி வழிந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன், தூணோரம் இடம் கிடைத்தது. ஒரு பென்ஷன்காரர் எழுந்து, “நாப்பது நாளா ஒரு கடுதாசி இல்ல சாமி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்கார அம்மா, “எனக்கு ஆறு மாசமா இல்ல,” என்றாள். ஹாலில் கைதட்டல். மெக்கானிக் மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர்களுக்குப் பின்னால்.

சாமி கையை உயர்த்தினார். “கட்டிய வாய் கட்டியதுதான். இனி ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம், உங்கள் பெயருக்கு எழுத அந்த வங்கியால் முடியாது.”

அக்கா எழுந்தாள். “நிச்சயமா சாமி? எழுதவே முடியாதா?”

“பேனாவே ஓடாது மகளே.”

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காக்கிப் பையோடு தபால்கார அம்மா உள்ளே வந்தாள். மச்சான் டோக்கன் மேஜையிலிருந்து துள்ளி எழுந்து, “பின்பக்கம், பின்பக்கம்,” என்று கையை ஆட்டினார். அவள் அவரைக் கடந்து ஹால் நடுவில் வந்து நின்றாள். முதல் கவரை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

பென்ஷன்காரர் தன்னையறியாமல் எழுந்தார். “நான்தான்.”

அடுத்த பெயருக்குத் தையல்கார அம்மா எழுந்தாள். அதற்கடுத்து ஒரு டிரைவர், ஒரு டீச்சர். ஐந்தாவது பெயர் மெக்கானிக்குடையது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொருவராக எழுந்து கவரை வாங்கிக்கொண்டு நின்றார்கள். வங்கியின் பேனா நன்றாகவே ஓடியிருந்தது. பன்னிரண்டு தடவை ஓடியிருந்தது.

சாமியையும் பாராட்டத்தான் வேண்டும். ஆள் அசரவில்லை. “பயப்படாதீர்கள் மக்களே. உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய விஷத்தை நான் என் சக்தியால் இங்கே இழுத்துக்கொண்டேன். யாரும் அதைப் பிரிக்காதீர்கள்.”

நம்பமாட்டீர்கள், பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா சாமியைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். “டேய், இழுத்துக்கிட்டாரு சரி. கவர் மேல அட்ரஸ் என்ன போட்டிருக்கு, அத மட்டும் படி. பிரிக்க வேணாம், வெளியில இருக்கறத படி.”

மெக்கானிக் கவரைத் திருப்பினார். அவர் பெயர் இருந்தது. கீழே அவர் வீட்டு முகவரி இல்லை. இந்த வீட்டு முகவரி, கதவு எண்ணோடு, அச்சில் இருந்தது. கடைசி வரியில் ‘பின்வாசல்’.

“சக்தி இழுத்திருந்தா நம்ம வீட்டு அட்ரஸ் போட்டு இங்க வந்திருக்கணும்ல? இந்த அட்ரஸ பேங்க்குக்கு யாருடா குடுத்தா?”

கோளாறு எங்கே என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஆளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “மடிச்ச தாளு,” என்றார். சரசரவென்று கவரைக் கிழித்தார். “எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நேரில் வந்தால் தவணையை மாற்றி அமைக்கத் தயாராக இருக்கிறோம்,” என்று அவர் மனைவி அவர் தோள் மேலிருந்து சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

மற்றவர்களும் கிழித்தார்கள். ஹால் முழுக்கக் காகிதச் சத்தம். தையல்கார அம்மாவின் கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவள் படிக்கத் தெரியாதவள், டீச்சரிடம் நீட்டினாள். அவளுடைய வீடு போன மாசமே ஏலத்தில் போய்விட்டது, பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏலம் எடுத்தவர் பெயரை டீச்சர் படித்தபோது டோக்கன் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி விலைக்கு எடுத்திருந்தார். கேள்வி கேட்க ஆளில்லாத ஏலம். கேட்க வேண்டியவள் காசு கொடுத்து மௌனவிரதம் இருந்தாள்.

“என் வீடுங்க அது,” என்றாள் தையல்கார அம்மா. “ஏன் சாமி, என் வீடுங்களே.”

அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. மச்சான் பின்வாசல் பக்கம் ஓடினார். அங்கே டிரைவரும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். சாமி மெத்தையிலிருந்து எழுந்து, “மௌனத்தைக் கலைக்காதீர்கள்,” என்றார். அறுபது நாள் பேசாதவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை அச்சில் போட முடியாது.

“பேங்க் வாய எவனும் கட்டலடா,” என்று அக்கா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கட்டுனது உன் வாய. அதுக்கு நீ காசு வேற குடுத்திருக்க.”

போலீஸ் வந்தது. பின்னறையில் மூன்று அட்டைப்பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. தேதிவாரியாக, ஏலநாள் குறித்து, ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். வங்கிக்காரர்கள்கூட அத்தனை ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் அன்றைக்கே ஆஸ்பத்திரி பேப்பரோடு வங்கியில் போய் உட்கார்ந்தார். ஆறு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும், மீதித் தவணை நாலு வருஷம் நீளும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீடு நின்றது. அதிகாரி ஒன்றும் அவரைக் கடித்துவிடவில்லை. கொஞ்சம் சிடுசிடுத்தார், அவ்வளவுதான். தையல்கார அம்மாவின் வழக்கு நடக்கிறது. அவள் இப்போது ஒற்றை வாடகை அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். அந்த வீடு திரும்பக் கிடைக்குமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

கூட்டம் நடந்த அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கூட்டம் கலைந்து, சாமியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, பென்ஷன்காரர் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். அவர் கையில் கவர் பிரிக்காமல் இருந்தது.

“இவன் போலின்னு கண்டுபிடிச்சிட்ட, ரொம்ப சரி. அப்படியே ஒரு நல்ல சாமியா இருந்தா சொல்லேம்மா. எனக்கும் அடுத்த மாசம் ஏலத்தேதி வந்துரும்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த லெட்டர ஏங்க இன்னும் பிரிக்கல?”

“பயமா இருக்கும்மா.”

பயம் வரட்டும், தப்பே இல்லை. தலைக்கு மேலே இருக்கிற கூரை போகிறது என்றால் எவனுக்குத்தான் பயம் வராது? ஆனால் உங்கள் பெயருக்கு வந்த கவரை நீங்கள் பிரிக்க மாட்டேன் என்றால், அதைப் பிரித்துப் படிக்க எவனாவது ஒருத்தன் எங்கேயாவது மெத்தை போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இருப்பான். உங்கள் மேஜை மேலும் அப்படி ஒன்று கிடந்தால் இந்தக் கதையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துப் படியுங்கள். இரண்டாவது பக்கத்தையும் சேர்த்து.